வில்லுக்கு வேஷம் கட்டிய வாக்குமூலம்

கீழே வருவதில் உண்மை எவ்வளவு என்று என்னிடம் கேட்க வேண்டாம். எழுதியது மட்டும்தான் நான். சொன்னது கரட்டூர் பொம்மையன்.

நாவலோடை வனச் சோதனைச் சாவடியில் எனக்கு இரவுக் காவல். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மாசி பாரிவேட்டை, மலைக்கோவிலுக்குக் கூட்டம் போகும், கூட இருந்துவிட்டுப் போ என்றார்கள். இருந்தேன். வீட்டுக்குப் போய் மட்டும் என்ன தூங்கிவிடப் போகிறேன். என் கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும். அதனால் சாவடியில் வாக்குமூலம் எதுவானாலும் பேனா என் கைக்குத்தான் வரும்.

பாரிவேட்டை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாமி வருஷத்துக்கு ஒருநாள் வேட்டைக்குக் கிளம்பும். அந்தக் காலத்தில் ஊரே பின்னால் போய்ப் பன்றி, முயல் என்று எதிரே வந்ததையெல்லாம் அடித்தது. இப்போது அடித்தால் ஜெயில். அதனால் வாழைத்தண்டில் ஒரு பன்றியைச் செய்து நிறுத்தி, சாமி முன்னால் அதன்மேல் ஒரு அம்பை விட்டு, வேட்டை முடிந்தது என்று தேங்காய் உடைத்துவிடுவார்கள். அந்த அம்பை விடுகிற வில் பொம்மையன் வீட்டு வில். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தது. விடுகிற கை பொம்மையன் கை.

மாலை நான்கு மணிக்குள் வில் மேலே போகவில்லை என்றால் வேல்கம்பால் குத்தி முடித்துக்கொள்வார்கள். ஒருமுறை வேல்கம்பில் முடித்துவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து அதுதான் வழக்கம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டாக ஒரு வருஷம் போதும்.

பதினொரு மணிக்கு ஜீப்பை நிறுத்தினோம். பின்சீட்டில் பொம்மையன், மடியில் வில். பக்கத்தில் அவர் சம்சாரத்தின் தம்பி சுருளியப்பன், மடியில் அவித்த கடலைப் பொட்டலம். ஜீப்பிலிருந்த மற்றவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தே மலையேறிப் போய்விட்டார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தூங்கிவிட்டான்.

பழைய வனவராக இருந்தால் வில்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு கேட்டைத் தூக்கியிருப்பார். இப்போதிருப்பவர் புதிது. ஞானசெல்வி என்று பெயர். வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, கோபப்பட்டும் பார்த்ததில்லை.

"என்ன இது?"

"வில்லுங்கம்மா."

"ஏன் இப்படி இருக்கு?"

கேட்டது நியாயம்தான். வில் முழுக்கச் சேறு பூசிக் காய்ந்திருந்தது. அதன்மேல் பழைய பச்சைக் கைலியைக் கிழித்துச் சுற்றியிருந்தது. துணி இடுக்கில் காய்ந்த இலைகள். நாணில் இரண்டு இடத்தில் ஆட்டுமயிர்க் குஞ்சம்.

"வேஷம் கட்டியிருக்கேங்க," என்றார் பொம்மையன். "மிருகத்தோட கண்ணுக்கு வில்லு தெரியக் கூடாதுல்ல. குஞ்சம் எதுக்குன்னா, நாண் சத்தம் போடாம இருக்கறதுக்கு."

வனக்காப்பாளர் பால்சாமிக்குப் பக்கத்து ஊர். "பொம்மையண்ணனைத் தெரியாதவங்க இங்க யாரும்மா? சந்தையில உக்காந்தாருன்னா பேச்சு இந்த வில்லுதான். ஒரே அம்புல மூணு பன்னி அடிச்சவரு."

பொம்மையன் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு," என்றார். "நாலாவது கொஞ்சம் தள்ளி நின்னுச்சு."

வனவர் என்னைப் பார்த்தார். "எழுதிக்கங்க. பன்றி, நாலு."

எழுதினேன். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது பொம்மையனுக்கு உறைத்தது.

வனவர் நிதானமாகச் சொன்னார். "பெரியவரே, ரெண்டு வழி இருக்கு. வேட்டையாடின வில்லுன்னா வில்லு இங்க இருக்கும், நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க. சாமி காரியத்துக்கு மட்டும் உள்ள வில்லுன்னா, 'இதால நான் ஒரு உயிரையும் அடிச்சதில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க ஊர்க்காரர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து. வில்லை எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

ஒரு வரிதான். அரை நிமிஷ வேலை. ஆனால் பொம்மையன் நாற்பது வருஷமாகச் சந்தையில் கட்டி எழுப்பியது மொத்தமும் அந்த ஒரு வரிக்கு அடியில் போய்விடும். சுருளியப்பனை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எழுதலாங்கம்மா," என்றார் பொம்மையன். "அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா காரணத்தையும் சேத்து எழுதணும். மொட்டையா அடிச்சதில்லைன்னு எழுதினா, என்னமோ அடிக்கத் தெரியாதவன் மாதிரி ஆயிரும்."

"சரி. காரணம் என்ன?"

"வேஷம்ங்கம்மா. என் வேஷக்கட்டு அப்படி."

பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் புதுத் தாள் எடுத்தேன். இனி அவர் சொன்னபடி.

"வில்லு கெட்டி மூங்கிலு. வருஷா வருஷம் விளக்கெண்ணெய் போட்டுப் போட்டு நாலு தலைமுறை எண்ணெயைக் குடிச்சிருக்கு. வெயில் பட்டுச்சுன்னா பாத்திரக்கடைக் கண்ணாடி மாதிரி அடிக்கும். மொதமொத நான் இதைத் தூக்கிட்டு ஒரு புதர்ல உக்காந்தேன்..."

"காட்டுக்குள்ளயா?" என்றார் வனவர்.

"ஓரத்துலம்மா. அந்தப் புதரு பாதி உங்களுது, பாதி ரெவின்யூ. நான் ரெவின்யூ பாதியில உக்காந்திருந்தேன். ஒரு முயல் வந்துச்சு. நேரா வில்லைப் பாத்துச்சு. ஓடும்னு நெனச்சேன். ஓடல. முன்னங்காலை நக்கி மீசையை ஒதுக்கிக்கிச்சு. இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் போயி பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்துச்சு. மூணாம் நாள் பாத்தா எனக்கு முன்னால வரிசை நிக்குது."

"முயல் வரிசையில நின்னுச்சா?" என்றார் பால்சாமி.

"ரேஷன் கடையில நீங்க நிப்பீங்களே, அதை விட ஒழுங்கா நின்னுச்சு."

"அடிச்சீங்களா?" என்றார் வனவர்.

"முகம் பாத்துட்டு இருக்கறதை எப்படிம்மா அடிக்கிறது?"

எழுதினேன்: முயல், இல்லை.

"அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். இந்தப் பளபளப்பை மறைக்கணும். கேப்பைக்கூழு காய்ச்சி, அடுப்புக்கரியைக் குழைச்சு, வில்லுக்கு மேலேருந்து கீழவரை ஒரு இஞ்ச் கனத்துக்குப் பூசினேன். காஞ்சதும் அசல் பட்ட மரக்கிளை. பாத்தா எனக்கே நம்பிக்கை வரல. சாயங்காலம் ஒரு பன்னி வந்துச்சு. ஒத்தைப் பன்னி, கன்னுக்குட்டி உசரம். நேரா வந்து வில்லை நக்க ஆரம்பிச்சுருச்சு."

"கரியோடயா?"

"கரிய ஒதுக்கிட்டு. விவரமான பன்னி. மேல் முனையில ஆரம்பிச்சு கீழ் முனை வரைக்கும் துடைச்சு வச்ச மாதிரி நக்கிட்டு, ஒரு ஏப்பம் விட்டுட்டுப் போச்சு. மறுநாளும் பூசினேன். மறுநாளும் வந்துச்சு. மூணாம் நாள் வரும்போது தோட்டத்துல தோண்டின சின்ன வெங்காயம் ஒண்ணை வாயில கவ்விக்கிட்டு வந்துச்சு."

பால்சாமி பாரா தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணே, மோர் ஊத்தின கூழா?"

"புளிச்ச மோரு."

"அப்ப சரி."

"அடிச்சீங்களா?" என்றார் வனவர்.

பொம்மையன் வருத்தத்தோடு பார்த்தார். "சாப்பிட்டுக்கிட்டிருக்கற ஜீவனை அடிப்பாங்களாம்மா? உங்க வீட்டுல அப்படியா பழக்கம்?"

வனவர் என் பக்கம் திரும்பினார். "பன்றி நாலுங்கறதை அடிச்சிருங்க."

பேனாவால் அடித்தேன். பொம்மையனுக்கு அது பிடிக்கவில்லை. தாளை எட்டிப் பார்த்து, "அந்த நாலும் நக்கிச்சுன்னாவது போடலாம்ல," என்றார். போடவில்லை.

மலை மேலிருந்து உறுமி மேளச் சத்தம் இறங்கி வந்தது. சாமி அலங்காரம் ஆரம்பித்துவிட்டார்கள். மணி ஒன்றரை. ஒரு வரியை எழுதிவிட்டுப் போகலாம் என்று எனக்கே சொல்லத் தோன்றியது. அவர் உறுமியைக் காதில் வாங்கினார், முகம் ஒரு நொடி வெளுத்தது, ஆனாலும் தொடர்ந்தார்.

"இனி திங்கிற பண்டத்தைப் பூசக் கூடாதுன்னு, பச்சைக் கைலியைக் கிழிச்சு இந்தா, இதே துணிதான், சுத்தினேன். இடையில எலையைச் செருகினேன். சுத்தி முடிச்சு நிமிந்து பாக்கறேன், வில்லைக் காணோம்."

"எங்க போச்சு?"

"அதைத்தான் நானும் தேடினேன். பாறைக்கு அடியில பாத்தேன், ஓடைக்குள்ள பாத்தேன். வீட்டுக்கு வந்து பரண்ல பாத்தேன். எவனோ எடுத்துட்டான்னு ஊர்ல ரெண்டு பேர்கூடப் பேச்சுவார்த்தையை நிறுத்திட்டேன். மூணு நாள்ம்மா. அந்த மூணு நாளும் இடது கையால தட்டைப் பிடிக்க முடியல. சட்டை மாட்ட முடியல. வாசப்படியில நுழைஞ்சா இடது பக்கம் இடிக்குது. ஏன்னு தெரியல, வயசாயிருச்சுபோலன்னு விட்டுட்டேன். நாலாம் நாள் கைலி காத்துல பறந்துச்சு. பாத்தா வில்லு என் இடது கையில இருக்கு."

பால்சாமி எட்டி பொம்மையனின் இடது கையைப் பார்த்தார்.

"நம்பலைன்னா மாப்ளையக் கேளுங்க. மாப்ள, சொல்லு."

சுருளியப்பன் கடலைத் தோலைப் பொட்டலத்துக்குள்ளேயே போட்டார். "அந்த மூணு நாள் நான் திருப்பூர்ல இருந்தேன் மாமா."

"இருந்திருந்தா பாத்திருப்ப."

"ஆமா மாமா. இருந்திருந்தா."

"இந்த மூணு நாள் கதையில அடிச்சது எதுவும் உண்டா?" என்றார் வனவர்.

"வில்லே கையில இல்லாதப்ப எதைம்மா அடிக்கிறது?"

"கையிலதான் இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"கையில இருந்துச்சு. எங்கிட்ட இல்ல."

வனவர் யோசித்தார். பிறகு என்னிடம் தலையசைத்தார். எழுதினேன்: கையில் இருந்தது, அவரிடம் இல்லை. இவ்வளவு வருஷத்தில் நான் எழுதிய வாக்குமூலங்களில் இந்த ஒரு வரி மட்டும் எனக்கு ஏனோ பிடித்துப்போனது.

வனவர் சாப்பிட உள்ளே போனார். பால்சாமி கேட்டில் நின்ற செங்கல் லாரியைப் பார்க்கப் போனார். நான் ரீஃபில் மாற்றினேன். பொம்மையன் வெற்றிலை மடித்துக்கொண்டு மேஜைமேல் கிடந்த வில்லின் பக்கத்தில் நின்றார். பத்து நிமிஷம். எல்லோரும் திரும்பி வந்தபோது அவர் பழையபடி பெஞ்சில் இருந்தார்.

"துணி நமக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. உசிரோட இருக்கற பொருளால வேஷம் கட்டணும்னு பிரண்டைக்கொடியைச் சுத்தினேன். அங்கதாம்மா கொஞ்சம் அதிகமாப் போயிருச்சு. பிரண்டைதான் போட்ட இடத்துல பிடிச்சுக்குமே. ஒரே மழை. வில்லு ரெண்டு முனையும் தெரியல. அந்த ஐப்பசி மாசம் பூரா எங்க வீட்டுல துவையல் வில்லுலேருந்துதான். மாப்ள, தின்னியா இல்லையா?"

"துவையல் தின்னேன்," என்றார் சுருளியப்பன். "எதுலேருந்துன்னு கேக்கல."

"பாருங்க, சாட்சி. அப்புறம் ஒரு கொண்டைக்குருவி மேல் முனையில கூடு கட்டிருச்சு. மூணு முட்டை. நாண் ஏத்தினா வில்லு வளையும், கூடு கவுந்துரும். எப்படி ஏத்துறது? குஞ்சு பொரிச்சுப் பறக்கட்டும்னு இருந்தேன். பறந்துச்சு. அடுத்த ஈடு வச்சுருச்சு. நடுவுல கொசுத்தேனீ வந்து கைப்பிடி பக்கத்துல அடை கட்டிருச்சு. நான் பாட்டுக்கு வில்லை நெட்டுக்குத்தலாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ரெவின்யூ பாதியில. சித்திரை வெயில். ஒரு கடமான் வந்து வில்லு நிழல்ல படுத்துருச்சு."

"வில்லுக்கு நிழலா?"

"ரெண்டு கடமான் படுக்கற நிழல். ரெண்டாவது வந்ததும் மொதல்ல வந்தது கொஞ்சம் நகந்து எடம் குடுத்துச்சு. அதுக கண்ணுல அது வில்லு இல்லம்மா. மரம். வேஷம்னா அது வேஷம்."

"அடிச்சீங்களா?"

"நம்ம நிழலை நம்பி வந்து படுத்ததை அடிக்கலாமாம்மா?"

எழுதினேன்: கடமான் இரண்டு, இல்லை.

மணி இரண்டரை. உறுமி நின்று கொட்டு ஆரம்பித்தது. சாமியை வெளியே எடுக்கப் போகிறார்கள். பொம்மையனுக்குக் காதோரம் வியர்த்தது. வேகத்தைக் கூட்டினார்.

"கடைசியா, குருவியெல்லாம் பறந்துபோயி நான் நாண் ஏத்தின அன்னைக்கு, யானை வந்துச்சு. யானைக்கு மூங்கில்னா உசிரு, உங்களுக்குத் தெரியும். பிரண்டைக்குள்ளாற மூங்கில் வாசனையை மோந்துக்கிருச்சு. தும்பிக்கையால நாணைப் பிடிச்சு இழுத்துச்சு. நான் வில்லை விடுவேனா? நாலு தலைமுறை வில்லு. எதிர்ப் பாறையில ரெண்டு காலையும் முட்டுக் குடுத்துக்கிட்டு நானும் இழுக்கறேன். யானை பின்னால பின்னால போகுது. இந்தா, இவ்வளவு வளைஞ்சுருச்சு. அந்த நேரத்துல என் கால் வழுக்கி நான் நாணுக்கும் வில்லுக்கும் நடுவுல போய் விழுந்துட்டேன். யானைக்குத் தும்மல் வந்துருச்சு."

பால்சாமி மெதுவாகக் கேட்டார். "விட்டுருச்சா?"

"விட்டுருச்சு."

"எங்கண்ணே விழுந்தீங்க?"

"அந்தப் பக்கம். மலைக்கு அந்தப் பக்கம். ஏலத் தோட்டத்துல ஒரு அம்மா வேலை பாத்துக்கிட்டிருந்துச்சு. என்னைப் பாத்து மலையாளத்துல ஏதோ கேட்டுச்சு. பஸ் பிடிச்சு ரெண்டு செக்போஸ்ட் தாண்டி வீடு வந்து சேர விளக்கு வைக்கிற நேரமாயிருச்சு. நல்லா ரோசனை பண்ணிப் பாருங்கம்மா. சாமி காரியத்தை விட்டா, இந்த வில்லோட வரலாத்துலயே ஒரு தடவைதான் எய்திருக்கு. எய்தது யானை. அம்பு நான். கேசு போடுறதுன்னா யானை மேல போடுங்க."

நான் பேனாவை நிறுத்திவிட்டு வனவரைப் பார்த்தேன். வேட்டை கேஸ் படிவத்தில் எய்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

"பெரியவரே," என்றார் வனவர். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "மணி மூணாகப் போகுது. எனக்கு அந்த ஒரு வரி போதும். அடிச்சதில்ல. அவ்வளவுதான். எழுதச் சொல்லட்டுமா?"

பொம்மையன் வாயைத் திறந்தார். சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தாளையும் பார்த்தார், சுருளியப்பனையும் பார்த்தார். வாய் வேறு எதையோ சொன்னது.

"அம்மா, நான் சொன்னதெல்லாம் விடுங்க. உங்க துறையே சாட்சி சொல்லுது. இந்த வில்லைத் திருப்பிப் பாருங்க."

வனவர் வில்லைத் திருப்பினார். கைலி சுற்றாத இடத்தில், காய்ந்த சேற்றின்மேல், வெள்ளையாக ஒரு எண் இருந்தது. 412. காலையில் நான்தான் வில்லை வாங்கி மேஜையில் வைத்தேன். அப்போது அது இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"போன வருஷம் உங்க ஆளுங்க மரக் கணக்கெடுக்க வந்தாங்க," என்றார் பொம்மையன். குரல் இப்போது கம்பீரமாக இருந்தது. "நான் வில்லை நட்டு வச்சுட்டு அந்தாண்ட தண்ணி குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா சுத்தளவு எடுத்து, உயரம் எடுத்து, நம்பர் போட்டுட்டுப் போயிட்டாங்க. படிச்ச ஆபீசருங்க, டேப்பு வச்சு அளந்து, மரம்னு எழுதியிருக்காங்க. உங்க ரிஜிஸ்டரைப் பாருங்கம்மா. நானூத்திப் பன்னெண்டு இருக்கா இல்லையா? இருந்துச்சுன்னா, இதை விட ஒரு வேஷம் இந்த உலகத்துல எவனாவது கட்டியிருக்கானா? அதை மட்டும் எழுதச் சொல்லுங்க. அப்புறம் அடிச்சதில்லைன்னு எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

வனவர் எழுந்தார். பீரோவைத் திறந்து, மரப் பதிவேட்டை எடுத்து வந்து, மேஜையில் விரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

"இருக்கு. நானூற்றிப் பன்னிரண்டு. அரசு மரம்."

பொம்மையன் எழுந்து நின்றேவிட்டார். சுருளியப்பனைத் திரும்பிப் பார்த்தார். பால்சாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "எழுதுங்க தம்பி, எழுதுங்க," என்றார்.

"எழுதுங்க," என்றார் வனவரும். "வேட்டை கேஸ் இல்ல. ரெண்டாவது தாள் எடுத்துக்கங்க. நம்பர் போட்ட அரசு மரம் ஒண்ணு, வேரோட பிடுங்கி ஜீப்பில் ஏத்தி வந்தது." பொம்மையனிடம் திரும்பினார். "மரத்தைக் கொண்டுபோறதுக்குப் பாஸ் எங்க?"

வெளியே டிரைவர் முழித்துக்கொண்டு ஹாரன் அடித்தான். கொட்டுச் சத்தம் இடம் மாறி வந்தது. சாமி கோவிலை விட்டு வெளியே வந்துவிட்டது.

பொம்மையன் மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது முன்னால் உட்கார்ந்த ஆளாக இல்லை. தோள் இறங்கி, கழுத்து உள்ளே போய், சந்தையில் நான் ஒருநாளும் பார்க்காத ஒரு வயதானவர் அங்கே இருந்தார்.

"அது மரமில்லம்மா," என்றார்.

"பின்ன?"

"வில்லு."

"இந்த வில்லால எதையாவது அடிச்சிருக்கீங்களா?"

சுருளியப்பன் உரித்த கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இல்லம்மா."

"முயல்?"

"இல்ல."

"சந்தையில சொன்னது?"

"அது சந்தையில சொன்னதும்மா."

வனவர் நான் எழுதிய தாள்களையெல்லாம் வாங்கி, ஒன்றாக மடித்து, மேஜை டிராயரில் போட்டார். கிழிக்கவில்லை. வெற்றுத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார். ஒரே வரி எழுதினேன். இந்த வில்லால் நான் ஒரு உயிரையும் அடித்ததில்லை. என் கையெழுத்து அன்றைக்கு அவ்வளவு நன்றாக வந்திருக்க வேண்டாம்.

பொம்மையன் கையெழுத்துப் போட நேரம் பிடித்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கினார். சுருளியப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாட்சிக் கையெழுத்தைச் சட்டென்று போட்டார்.

வில்லைக் கொடுக்கும் முன் வனவர் கட்டை விரலை நாக்கில் தொட்டு அந்த எண்ணின்மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். இரண்டு போய்விட்டது. இன்னொரு தேய்ப்பு. மொத்தமும் போய்விட்டது. விரலை முகர்ந்து பார்த்தார்.

"கணக்கெடுப்புக்குப் பெயின்ட்தான் வாங்கித் தர்றாங்க," என்றார். "வெத்தலைச் சுண்ணாம்பு தர்றதில்ல. போயிட்டு வாங்க, நேரமாகுது."

கேட்டைத் தூக்கப் போனவன் நான். அதனால் இதுவும் காதில் விழுந்தது. ஜீப்பில் ஏறுவதற்கு முன் பொம்மையன் மச்சினனின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"மாப்ள, இங்க நடந்தது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். ஊருக்குத் தெரிய வேணாம்."

"எது மாமா?"

"அதான். நான் ஒண்ணும் அடிச்சதில்லைன்னு எழுதிக் குடுத்தது."

சுருளியப்பன் வில்லை வாங்கி ஜீப்புக்குள் பத்திரமாகப் படுக்க வைத்தார். கைலித் துணி ஒரு முனையில் அவிழ்ந்து தொங்கியது, அதை உள்ளே செருகினார்.

"எழுதிக் குடுத்தது வேணா தெரியாது மாமா. அடிச்சதில்லைங்கறது ஊருக்கே தெரியும். ஏறுங்க, மணி மூணே கால்."